கண் பழக மறுத்த தெரு

அந்த வருஷம் ஆடி மாசம் மூன்றாவது வெள்ளிக்கிழமை, நடுக்கடைத் தெருவில் குடியிருந்த அத்தனை பேருடைய கண்ணும் வெளிச்சத்துக்குப் பழகுவதை நிறுத்திக்கொண்டது. காலையில் எந்த விளக்கின் கீழ் கண்ணைத் திறந்தார்களோ அந்த விளக்கின் நிறம் அன்றைக்குப் படுக்கிறவரை கண்ணைவிட்டு இறங்கவில்லை, அவ்வளவுதான், வேறொன்றும் நடக்கவில்லை, பால் வந்தது, கோயில் மணி அடித்தது, குழாயில் வழக்கம்போல் தண்ணீர் வரவில்லை.

அதற்கு முன்னால் கண் அப்படி இருந்ததில்லை. வெயிலிலிருந்து குண்டு பல்பு எரிகிற வீட்டுக்குள் நுழைந்தால் கட்டியிருக்கிற வேட்டி முதலில் மஞ்சளாகத்தான் தெரியும். சொம்புத் தண்ணீரை வாங்கிக் குடித்து, உங்க பக்கம் மழை உண்டா என்று நாலு வார்த்தை பேசி முடிப்பதற்குள் வேட்டி வெள்ளையாகிவிடும். வேட்டியும் மாறவில்லை, பல்பும் மாறவில்லை, கண்தான் 'சரி, இந்த வீட்டு வெளிச்சம் இப்படி, போகட்டும்' என்று விளக்கின் குற்றத்தைக் கழித்துவிட்டுப் பார்க்கும். அப்படியொரு பெருந்தன்மையான சாமானை முகத்தில் வைத்துக்கொண்டு அலைகிறோம் என்பது அது நின்றுபோகிறவரை தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது.

குத்தாலிங்கத்துக்குப் பெருந்தன்மை என்று இருந்தது கண்ணில் மட்டும்தான், அதுவும் அந்த வெள்ளிக்கிழமையோடு போயிற்று. அவர் நாலாம் வகுப்போடு நின்றவர், அறுபத்தோரு வயது, தெருவின் நடுவில் மேட்சிங் சென்டர் வைத்திருந்தார். பெண்கள் சேலையைக் கொண்டுவந்து மேஜையில் போடுவார்கள். அவர் திரும்பிப் பார்க்காமலே பின்னால் கையை நீட்டி, தரையிலிருந்து கூரைவரை அடுக்கியிருக்கிற ரவிக்கைத் துணிகளில் சரியானதை உருவி அதன்மேல் வைப்பார். வந்தவர்கள் இரண்டையும் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சரிதான் அண்ணாச்சி" என்று திரும்பி வருவார்கள். கைக்குட்டை வாங்கினாலும் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பது அந்தத் தெருவின் வழக்கம். பார்க்காமல் வாங்கினவர்களை அவர் மதிப்பதில்லை.

துணியை அடுக்கினமாதிரியே மனசுக்குள் கோபங்களையும் நிறவாரியாக அடுக்கிவைத்திருந்தார். பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் இரண்டாம் பந்தியில் உட்காரவைத்தது வெங்காயத்தோல் நிறம், ஏனென்றால் இலை போட்ட அம்மாள் அன்று கட்டியிருந்தது அது. நாலாம் வகுப்பு வாத்தியார் எல்லார் முன்னாலும் மக்கு என்றது கிளிப்பச்சை, வாத்தியாரின் சைக்கிள் சீட்டு உறை. சொந்த மனைவி முப்பிடாதி, கல்யாணமான புதிதில், உங்களைவிட உங்க தங்கச்சிக்கு விவரம் ஜாஸ்தி என்றது மாந்துளிர். எல்லாவற்றுக்கும் அடியில், மற்ற எதையும் நசுக்கிவிடுகிற கனத்தோடு, இங்க் நீலம் இருந்தது.

இங்க் நீலத்தின் கதை பதினாலு வருஷத்துக்கு முந்தியது. தங்கச்சி ஆவுடையின் மகள் உலகம்மாள் பெரியவளானபோது, தாய்மாமன் சீராக அவர் இங்க் நீலத்தில் ஜரிகை போட்ட பட்டுச்சேலை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்துச் சுமந்துபோனார். ஆவுடையின் வீடும் இதே தெருவில்தான், மேலக்கோடியில். அந்த வீட்டில் குண்டு பல்புதான் எரியும். அவள் புருஷன் மாடக்கண்ணுவுக்கு டியூப்லைட் வெளிச்சம் தலைவலி. சேலையை விரித்ததும் மாடக்கண்ணு கூட்டத்தைப் பார்த்து, "ஊருக்கே நிறம் பாத்துக் குடுக்கிற மச்சான், சடங்குக்குக் கருப்புச் சேலை கொண்டாந்திருக்காவ, நல்லா இருங்க" என்றான். 'இது நீலம், எனக்குத் தெரியாதா' என்று அவர் கத்தியும் கூட்டம் சிரித்தது. 'ஆமா, கருப்புதான்' என்று ஒரு குரல், 'காக்காக் கருப்பு' என்று இன்னொரு குரல். ஆவுடை சேலையை மடித்து ஓரமாக வைத்துவிட்டு மகளுக்கு வேறு சேலையைக் கட்டினாள். குத்தாலிங்கம் கை நனைக்காமல் சேலையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்.

மாடக்கண்ணு சொன்னதுகூட அவருக்குப் பெரிசில்லை. கைக்குட்டையையும் வாசலுக்குக் கொண்டுபோகிற ஆவுடை, அன்று அண்ணன் சேலையை வாசலுக்குக் கொண்டுபோய் ஒரு தடவை பார்க்கவில்லை என்பதுதான் அவருக்கு வலி. அன்று சாயங்காலம் மழை பெய்தது, வாசலில் வெளிச்சமே இல்லை என்று முப்பிடாதி பதினாலு வருஷமாகச் சொல்லிப் பார்த்தாள். அவர் கோயிலுக்குப் போகவேண்டுமானாலும் மேலக்கோடி வழியாகப் போகாமல் மூன்று தெருவைச் சுற்றிப்போனார்.

இப்படி இருக்கும்போதுதான் கண்கள் நின்றுபோயின.

முதல் நாள் தெருவில் சண்டைதான். டியூப்லைட் வீட்டார் நீலம் பாய்ந்த கண்ணோடும், குண்டு பல்பு வீட்டார் மஞ்சள் பாய்ந்த கண்ணோடும் வெளியே வந்து ஒருத்தரை ஒருத்தர் பொய்யர் என்றார்கள். தெருவிளக்கின் கீழ் தூங்கி எழுகிற பால்காரருக்குப் பாலெல்லாம் ஆரஞ்சாகத் தெரிந்து, மாட்டுக்கு யாரோ என்னவோ கொடுத்துவிட்டார்கள் என்று மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனார். சிவப்பு ஜீரோ வாட் பல்பு மாட்டியிருந்த புதுமணத் தம்பதிகள் நாள் முழுவதும் யாரைப் பார்த்தாலும் வெட்கப்பட்டார்கள் என்று தெரு சிரித்தது. காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று டியூப்லைட் வீட்டார் பாட, தெரு டாக்டர் மஞ்சள் காமாலை என்று யார் வந்தாலும் நாக்கை நீட்டச் சொல்வதற்கு முன்னால் "வீட்ல என்ன லைட்டு?" என்று கேட்க ஆரம்பித்தார்.

இரண்டாவது வாரம் அது பழகிப்போனது. கண் பழகாவிட்டாலும் மனுஷர்கள் பழகிவிடுகிறார்கள். கல்யாணத் தரகர்கள் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் பல்பையும் எழுதினார்கள். ஒரு வீட்டில் புருஷன் கூடத்திலும் பெண்டாட்டி உள்ளறையிலும் படுத்தால் காலையில் இட்லி வெள்ளையா இல்லையா என்ற பேச்சிலேயே பாதிப் பொழுது போனது. அசல் நிறம் வேண்டும் என்று சிலர் மொட்டை மாடியில் படுத்தார்கள். ஆனால் விடிகிற நேரத்தில் எழுந்தவர்களுக்கு எல்லாம் ரோஜா நிறமாகவும், வெயில் ஏறி எழுந்தவர்களுக்கு வேறாகவும் தெரிந்ததால், எந்த வெயில் அசல் வெயில் என்று மாடிக்கு மாடி புதுச் சண்டை கிளம்பியது. பட்டணத்துக் கண் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்து, பள்ளிக்கூட வராந்தாவில் வெள்ளைக் காகிதத்தைக் காட்டிக் காட்டிக் கேட்டுவிட்டு, "எல்லார் கண்ணும் விளக்கோட நிறத்தைக் கழிச்சுட்டுத்தான் பாக்கும், உங்க கண்ணுங்க கழிக்க மாட்டேங்குது, நோயெல்லாம் இல்லை" என்றார். அன்று தெருவிலேயே லாட்ஜில் தங்கினார். லாட்ஜ் அறையில் பச்சை ஜீரோ வாட் பல்பு. மறுநாள் காலையில், என் வெள்ளைக் கோட்டை யார் எடுத்துப்போனது, இந்தப் பச்சைக் கோட்டு யாருடையது என்று விசாரித்துவிட்டுப் பதில் கிடைக்காமல் பஸ் ஏறினார்.

குத்தாலிங்கம் காலையில் எழுந்ததும் டியூப்லைட்டைப் போடுகிறவர். குண்டு பல்பு வீட்டுப் பெண்களுக்கு அவர் எடுத்துவைக்கிற துணி கோணலாகத் தெரிந்தது. ஒரே வீட்டிலிருந்து அம்மாவும் மகளும் வந்து ஒரே சேலையை இரண்டு நிறத்தின் பேர் சொல்லி அழைத்தார்கள். நாற்பது வருஷம் திரும்பிப் பார்க்காமல் துணியை உருவின கை நடுவானத்தில் நின்றது. கடைசியில் அவர் ஒரு வழி கண்டார். சேலையையும் துணியையும் ஒட்டிப் பிடித்து, நிறத்தின் பேரையே எடுக்காமல், "ரெண்டும் ஒண்ணுபோல இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லு தாயி" என்பார். ஒன்றுபோல இருக்கு என்பார்கள். வெட்டிக் கொடுத்துவிடுவார். ஆனால் கடையை அடைக்கும்போது, தான் இன்று என்ன நிறம் விற்றோம் என்று தெரியாத மனுஷனாகத்தான் அடைத்தார்.

ஆவணி பிறந்து நாலாம் நாள் உலகம்மாள் கடைக்கு வந்தாள். அவள் இப்போது ரத்தம் பரிசோதிக்கிற இடத்தில் வேலை பார்க்கிறவள், இருபத்தேழு வயது. அடுத்த வாரம் அவளுக்குக் கல்யாணம் என்பது பத்திரிகை வராமலே அவருக்குத் தெரியும்.

"மாமா, ஒரு ரவிக்கைத் துணி வெட்டணும்."

அவர் கத்திரிக்கோலைத் துடைத்தார். "சேலை எங்க?"

"உங்ககிட்டதான் இருக்கு. பதினாலு வருஷமா."

கத்திரிக்கோல் ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது, இருந்தாலும் அவர் இன்னும் கொஞ்ச நேரம் துடைத்தார்.

"முகூர்த்தச் சேலை மாத்துறதுக்கு முன்ன தாய்மாமன் சேலையைக் கட்டித்தான் நான் மணவறைக்கு வரணும்" என்றாள். "வேற சேலை எடுத்துராதிய. எனக்கு அதுதான் வேணும்."

"உங்க அப்பன் சொல்லி அனுப்பிச்சானா?"

"அப்பா சொன்னா நான் வந்திருப்பேனாக்கும்?"

"அது கருப்புல்லா தாயி. ஊரே சொல்லியாச்சு."

"நான் அன்னைக்கு மணையில தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தேன் மாமா. சேலை எனக்குத் தெரியல. உங்க காலுதான் தெரிஞ்சுது. செருப்பை மாட்டாம கையில எடுத்துக்கிட்டு மழையில போனிய."

அவர் எழுந்து, ஏணியை நகர்த்தி, அடித்தட்டில் கையை விட்டுப் பழைய உறையை இழுத்தார். பட்டு மடிப்பில் கோடு விழுந்திருந்தது. அவர் கண்ணுக்கு அது நீலம். பள்ளிக்கூடத்து மைக்கூட்டில் நிப்பை முக்கி எடுத்த நீலம். திரும்பிப் பார்க்காமல் பின்னால் கையை நீட்டினார், கை நேராகப் போய் ஒரு துணியை உருவிக்கொண்டு வந்தது. எண்பது சென்டிமீட்டர் வெட்டினார்.

உலகம்மாள் இரண்டையும் சேர்த்துப் பிடித்தாள். "நான் செல்போன் அலாரத்துல முழிக்கிறவ. எனக்கு எல்லாம் செல்போன் நிறந்தான். இது என்ன கலர்னு என்னைக் கேக்காதிய. ஆனா ரெண்டும் ஒண்ணுபோல இருக்கு." துணியைத் தைக்க எடுத்துக்கொண்டாள், சேலையை அவர் கையிலேயே விட்டாள். "இதை நீங்கதான் கொண்டாரணும். முந்தின நாளே வந்து படுத்துருங்க, அத்தையையும் கூட்டிக்கிட்டு."

அவள் போனபிறகுதான் அவருக்குப் பயம் பிடித்தது. அதே வீடு, அதே குண்டு பல்பு, இப்போது போகட்டும் என்று விடக்கூடத் தெரியாத கண்கள். நானூறு பேர் கூடுகிற கல்யாணத்தில் அதே சேலையை விரித்தால் அதே கருப்பு என்ற குரல் எழும், இந்தத் தடவை மணவறையில் நிற்கிறவள்மேல் விழும். போகாவிட்டால் தாய்மாமன் சேலை இல்லாமல் அவள் நிற்பாள். இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

"சிவப்பா வேற ஒண்ணு எடுங்களேன்" என்றாள் முப்பிடாதி. "எந்தப் பல்புலயும் சிவப்பு கருப்பாவாது."

"அது நீலம்."

"உங்க கண்ணுக்கு."

"அவன் கண்ணுக்குக் கருப்புன்னா அது அவன் கண்ணு."

"பதினாலு வருஷமா இதே பாட்டு" என்று முப்பிடாதி கரண்டியைக் கீழே வைத்தாள். "ஒரு நாளு, ஒரே நாளு, அவுக கண்ணை வாங்கித்தான் பாருங்களேன். அங்கதானே படுக்கப் போறோம்? அவுக பல்புல முழிச்சுப் பாருங்க. நீலமாத் தெரிஞ்சா விரிங்க. கருப்பாத் தெரிஞ்சா மடிச்சு எடுத்துக்கிட்டு வந்துருவோம். உங்க தங்கச்சி மக நிக்கிற இடத்துல அசிங்கம் வேண்டாம்."

மாந்துளிர்க் கோபத்துக்குச் சொந்தக்காரி சொன்னாள் என்பதற்காகவே அதை மறுத்திருக்க வேண்டும். மறுக்காமல் சேலையை எடுத்துப் பையில் வைத்தார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள், பதினாலு வருஷத்துக்கப்புறம் மூன்று தெருவைச் சுற்றாமல் நேராக மேலக்கோடிக்கு நடந்தார். சுற்றுவதைவிட அது அவருக்குத் தூரமாக இருந்தது. மாடக்கண்ணு வாசலில் நின்றுகொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்து, முன்பல் ஒன்று போயிருந்தது. "வாங்க மச்சான்" என்றான். "ம்" என்றார். ஜன்னல் இல்லாத உள்ளறையில் அவருக்குப் பாய் விரித்திருந்தார்கள்.

காலை ஆறு மணிக்கு யாரோ சுவிட்சைத் தட்டினார்கள், குத்தாலிங்கம் கண்ணைத் திறந்தார். சுவர் மஞ்சள், பாய் மஞ்சள், பக்கத்தில் படுத்திருந்த சொந்தக்காரன் மஞ்சள், தன் கை மஞ்சள். எழுந்து உட்கார்ந்து, மடியில் பையை வைத்துச் சேலையை வெளியே எடுத்தார்.

கருப்பு.

கருநீலமோ அடர்ந்த ஊதாவோ இல்லை, காக்காக் கருப்பு. ஜரிகை மட்டும் அதன்மேல் தணல்போல் ஓடியது. தைத்து வந்து கொடியில் தொங்கிய ரவிக்கையைப் போய் எடுத்து ஒட்டிப் பிடித்தார். அதுவும் கருப்பு, அதே கருப்பு, ஒரு நூல் வித்தியாசமில்லை. ஜோடி தப்பவில்லை என்று ஒரு நொடி அவருக்கு நிம்மதிகூட வந்தது. அப்புறம்தான் இன்னொன்று தோன்றியது: அன்று இந்த வீட்டில் இதே பல்பின் கீழ் அவரும் நின்றாரே, அவர் கண்ணுக்கு என்ன தெரிந்தது? எவ்வளவு யோசித்தும் சேலை ஞாபகம் வரவில்லை. ஏனென்றால் அவர் அன்று சேலையைப் பார்க்கவே இல்லை. மாடக்கண்ணுவின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி ஆவுடை" என்று கூப்பிட்டார். அந்தப் பேரைச் சொல்லி அவருக்குப் பதினாலு வருஷமாகியிருந்தது.

ஆவுடை மொட்டை மாடிப் படியிலிருந்து இறங்கி வந்தாள், கையில் தலையணையோடு. "என்னண்ணே."

"நீங்க அன்னைக்குச் சொன்னது சரிதாம்ட்டி. இது கருப்பு. பிள்ளைக்கு இது வேண்டாம். நான் போறேன்."

ஆவுடை தலையணையைக் கீழே போட்டாள். அவர் மடியிலிருந்து சேலையைப் பிடுங்கினாள். படுத்துக் கிடக்கிற ஆட்களைத் தாண்டித் தாண்டி, கூடத்தைக் கடந்து, சேலையை வாசலுக்குக் கொண்டுபோனாள். இரண்டு கையாலும் விரித்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"நீலம்லா அண்ணே இது! பாரு! நல்ல நீலம்! இதைப் பாக்கணும்னுதான் ஒரு வாரமா மாடியில படுத்துக் கொசுக்கடி படுதேன்."

குத்தாலிங்கம் வாசலுக்கு வந்தார். பதினாலு வருஷமாக எது நடக்கவில்லை என்று அவர் தூங்காமல் கிடந்தாரோ அது அவர் கண்முன்னே நடந்துகொண்டிருந்தது, அவள் கொண்டுவந்துவிட்டாள், பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஆனால் பல்பு வெளிச்சத்தில் திறந்த கண்ணிலிருந்து அந்த மஞ்சள் படுக்கிறவரை இறங்காது. வாசலிலும் அது கருப்பாகவே இருந்தது.

"கருப்புட்டி."

"நீலம்ங்கேன்!"

"எனக்குத் தெரியாதா? நாப்பது வருஷம் துணி வெட்டுதேன், கருப்பு எது நீலம் எதுன்னு எனக்குப் படிச்சுக் குடுக்கியா?"

"இதையேதான் அன்னைக்கும் சொன்ன!"

"அன்னைக்கு நான் நீலம்னேன்!"

"அப்போ இன்னைக்கும் நீலம்னு சொல்லு!"

சத்தம் கேட்டு மாடக்கண்ணு பல்குச்சியோடு ஓடிவந்தான். சேலையைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், மச்சானுக்குப் பக்கத்தில் போய்த் தோளோடு தோள் நின்றான். "ஏ மூதேவி, மச்சான் சொல்லுததுல என்ன தப்பு? கருப்புதான். அச்சுக் கருப்பு."

"கேளு" என்றார் குத்தாலிங்கம்.

சொல்லிவிட்டு அவருக்கே உறைத்தது. மெதுவாகத் திரும்பி மாடக்கண்ணுவைப் பார்த்தார். அவனும் பல்குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவரைப் பார்த்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரு அடி விலகினார்கள்.

"எடு இங்க" என்று உலகம்மாள் ஈரத் தலையோடு வந்து அம்மா கையிலிருந்து சேலையை வாங்கினாள். "ஒருத்தரும் கலர் சொல்லாதிய. ரவிக்கை ஒண்ணுபோல இருக்கா மாமா?"

"இருக்கு" என்றார். அதை மட்டும் அவரால் எந்தக் கண்ணோடும் சொல்ல முடிந்தது.

"அது போதும்."

ஒன்பது மணிக்கு அவள் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு பந்தலுக்கு வந்தாள். பந்தலின் சிவப்புத் துணி வழியாக வெயில் கசிந்து எல்லார்மேலும் விழுந்தது. அன்று காலையில்தான் வெளியூரிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அம்மா, கண் நன்றாக இருக்கிறவள், "கத்திரிப்பூக் கலர்ல எவ்வளவு லட்சணமா இருக்கு, தாய்மாமன் எடுத்ததா?" என்று கேட்டாள். டியூப்லைட் வீட்டார் நீலம் என்று நினைத்துக்கொண்டார்கள், பல்பு வீட்டார் கருப்பு என்று நினைத்துக்கொண்டார்கள், ஆனால் இந்த ஒரு மாசத்தில் தெருவில் யாரும் நிறத்தை வாய்விட்டுச் சொல்வதில்லை என்ற பழக்கம் வந்திருந்ததால், ஒரு குரலும் எழவில்லை. நாதஸ்வரம்தான் எழுந்தது. குத்தாலிங்கம் மாலையை எடுத்து மருமகள் கழுத்தில் போட்டார். கருப்புப் பட்டில் சம்பங்கி மஞ்சளாக விழுந்தது. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் நிற்கிறோம் என்று அவருக்குப் புரியவில்லை. மாலையை நேராக்கிவிட்டு விலகி நின்றார்.

முதல் பந்தியில் அவரை உட்காரவைத்தார்கள். கை நனைத்தார். பக்கத்து இலையில் மாடக்கண்ணு. சோறு விழுந்தது. மாடக்கண்ணு அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"மச்சான்."

"சொல்லும்."

"சோறு மஞ்சளா இருக்கு."

"ஆமா மச்சான். மஞ்சளாத்தான் இருக்கு."

நானூறு பேர் இருந்த பந்தலில் அந்த நிமிஷம் அதை வாய்விட்டு அவர்கள் இரண்டு பேரும்தான் ஒத்துக்கொண்டிருந்தார்கள். மாடக்கண்ணு தன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து அவர் இலையில் வைத்தான். குத்தாலிங்கம் அதை நொறுக்கிச் சோற்றோடு பிசைந்தார்.

பாயசம் மாடக்கண்ணுவுக்கு முதலில் வந்தது, அவருக்கு இரண்டாவதாகத்தான் வந்தது. தாய்மாமனுக்கு இரண்டாவதா என்று அவர் மனசு உடனே கையை நீட்டியது, வழக்கம்போல அதை அடுக்கில் செருகிவைக்க. அடித்தட்டில் கனமாக ஒன்று கிடந்த இடம் காலியாக இருந்தது, இடத்துக்குக் குறைவில்லை. ஆனால் பாயசம் அசலில் என்ன நிறம் என்று அவருக்குத் தெரியவில்லை, எந்த அடுக்கில் வைப்பது என்றும் தெரியவில்லை. கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தடுமாறிவிட்டு, டம்ளரைத் தூக்கிக் குடித்துவிட்டார்.